கள்ளக்குறிச்சி கடைவீதிக்கு நிழல் வேண்டும்

விழுப்புரத்திலிருந்து பிரிந்து, 2019 நவம்பர் 26 அன்று தமிழகத்தின் 34-ஆவது மாவட்டமாக உதயமானது கள்ளக்குறிச்சி. தலைநகர் என்ற தகுதி வந்த பிறகு, பெரிய கட்டடங்கள் ஒவ்வொன்றாக ஊருக்கு வெளியே இடம் தேடிப் போயின. அரசு மருத்துவக் கல்லூரி சிறுவங்கூரில் எழுந்து, 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆட்சியரகத்துக்கு வீரசோழபுரத்தில் கோயில் நிலம் தேர்வாகி, அந்த விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையும் ஊருக்குள் நுழையாமல் புறவழியாகவே கடந்துவிடுகிறது. எங்கே எதைக் கட்டுவது என்று இத்தனை ஆண்டுகளாக நடந்த பேச்செல்லாம் ஊர் எல்லைக்கு வெளியே இருக்கும் நிலத்தைப் பற்றியதுதான்.

நான்குமுனைச் சந்திப்பையும் பேருந்து நிலையத்தையும் சுற்றி, துருகம் சாலை, சேலம் சாலை, கச்சிராயப்பாளையம் சாலை எனக் கிளை பிரியும் பழைய நகரத்தைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு வரிகூட இல்லை. அங்கே கட்டட வேலை நடக்கவில்லை என்று யாராவது நினைத்தால், ஒருமுறை நடந்து பார்க்கட்டும். ஓட்டுக் கட்டடம் ஒன்று இடிகிறது. அதே இடத்தில் நான்கு மாடி எழுகிறது. அடுத்த ஆண்டு பக்கத்து மனை. அதற்கடுத்த ஆண்டு எதிர்வாடை. விழாவோ அடிக்கல்லோ இல்லாமல், மனை மனையாக, ஊர் தன் முகத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. இன்னும் பதினைந்து இருபது ஆண்டுகளில் அந்த மாற்றம் முடிந்துவிடும். அதன் பிறகு யார் என்ன திட்டம் போட்டாலும் கான்கிரீட்டை நகர்த்த முடியாது. அதனால்தான் இதை இப்போதே பேச வேண்டியிருக்கிறது.

முதலில், இந்தத் தெருக்களில் நடப்பவர்கள் யார்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 52 ஆயிரம். ஆனால் கடைவீதியில் கால் வைப்பவர்களில் பெரும்பகுதி வெளியூர்க்காரர்கள். கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் மலையாளிப் பழங்குடி மக்கள் பேருந்தேறி, கோமுகி அணையைக் கடந்து கீழே இறங்குகிறார்கள். நீதிமன்ற வாய்தா, வங்கிக் கணக்கு, பள்ளிக்கூடச் சான்றிதழ், நகைக்கடன், கல்யாண ஜவுளி என எதற்கும் இங்கேதான் வந்தாக வேண்டும். கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் சுற்றுவட்டாரக் கிராமத்தாருக்கும் இதுதான் டவுன். வந்தவர்களுக்கு இங்கே வீடு கிடையாது, வண்டி கிடையாது. கடைசிப் பேருந்துக்கு முன் வேலையை முடிக்க வேண்டும். மூட்டையோடும் பிள்ளையோடும் வெயிலில் நடக்க வேண்டும். கள்ளக்குறிச்சி வணிகத்தின் அன்றாட வருமானம் இந்தக் கால்களை நம்பியிருக்கிறது. ஆனால் இவர்கள் நின்று மூச்சுவிட நிழல் என்று ஒன்றை ஊர் ஒதுக்கவில்லை.

கடைவீதியில் ஏதாவது நூறடியை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். முதல் கடை புதிது. சாலையிலிருந்து மூன்றடி உயரத்தில் தளம். அதற்கு ஐந்து கிரானைட் படிகள். படிகள் சாக்கடை மூடியைத் தாண்டித் தார்ச்சாலை வரை இறங்கியிருக்கின்றன. இரண்டாம் கடைக்காரர் இருசக்கர வாகனம் ஏற்றுவதற்காகச் சிமென்டில் சரிவு போட்டிருக்கிறார். மூன்றாவது பழைய ஓட்டுக் கட்டடம். அது சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கிறது, வாசலில் தண்ணீரைத் தடுக்க அரையடி மேடு கட்டியிருக்கிறார்கள். நான்காவது கடையின் முன்னால் வழவழப்பான டைல்ஸ். மழை பெய்தால் வழுக்கிவிடும். அதற்கடுத்து ஒரு டிரான்ஸ்பார்மர். அதை ஒட்டி வரிசையாக பைக்குகள். நூறடிக்குள் ஐந்து மட்டங்கள். கால் மூட்டு வலிக்காரரோ, குழந்தையைச் சுமந்தவரோ, சக்கர நாற்காலிக்காரரோ இதில் நடக்க முடியுமா? எல்லோரும் சாலையில் இறங்கி, பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் இடையில்தான் நடக்கிறார்கள்.

சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி நடைபாதையில் தடையின்றி நடக்க குறைந்தபட்சம் 1.8 மீட்டர், அதாவது ஆறடி அகலம் வேண்டும். விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நடைபாதை கிடைப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்தது, ஆனால் மூன்றடி உயரக் கிரானைட் படி இருந்த இடத்தில் அப்படியேதான் இருக்கிறது.

அந்தப் படி அங்கே வந்ததற்குக் கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, சாலையின் மட்டம் ஏறிக்கொண்டே வந்தது. பழைய வீடுகளெல்லாம் பள்ளத்தில் போயின. இதைக் கண்ணால் பார்த்தவர், புதிதாகக் கட்டும்போது நாளைக்கும் சேர்த்து மூன்றடி, நான்கடி உயர்த்திவிடுகிறார். உயர்த்தினால் படி வேண்டும். படிக்கு இடம் சாக்கடை மேல்தான். படி வந்ததும் சாக்கடையைத் திறந்து தூர்வார வழியில்லை. தூர்வாராத சாக்கடையின் தண்ணீர் பக்கத்துப் பழைய கட்டடத்துக்குள் புகுகிறது. அவரும் இடித்துக் கட்டும்போது நான்கடி உயர்த்துகிறார். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். சிறு நகரத்துக் கடைவீதிக்கு இதைவிடப் பயனுள்ள உத்தரவு வேறு இல்லை என்பேன். சாலையின் மட்டம் இனி ஏறாது என்ற நம்பிக்கையை நகராட்சி கொடுத்தால்தான் கடைக்காரரின் தளமும் கீழே இறங்கும். அழகுபடுத்தும் வேலை எதைத் தொடங்குவதற்கு முன்னும் ஒவ்வொரு தெருவுக்கும் இதுதான் மட்டம் என்று குறித்து, கல்லில் பதித்து வைக்க வேண்டும்.

அடுத்தது கட்டட விதி. தமிழகம் முழுமைக்கும் இன்று பொருந்துவது 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற தளப்பரப்புக் குறியீடு, உயரம், சாலை அகலத்துக்கு ஏற்பக் கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடம் (செட்பேக்), வாகன நிறுத்தம் எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. பழைய கடைவீதிகள் போன்ற தொடர் கட்டடப் பகுதிகளில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டவும் அது இடம் தருகிறது. ஆனால் முன்பக்கம் விட்ட இடம் தெருவோடு எப்படிச் சேர வேண்டும், பக்கத்துக் கடையின் முன்பக்கத்தோடு எப்படி ஒட்ட வேண்டும் என்பதற்கு அதில் விடை இல்லை. சென்னையின் அகலமான சாலைக்கும் கள்ளக்குறிச்சியின் குறுகிய தெருவுக்கும் பொதுவாக எழுதிய விதியில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஆகவே வரைபடத்துக்கு அனுமதி தருகிற அலுவலர் மனைக்குள் மட்டும் பார்க்கிறார். மனையும் மனையும் சேர்ந்து உண்டாகிற தெருவைப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டு செய்து பார்த்த ஊர் தொலைவில் இல்லை. புதுச்சேரியின் தமிழர் பகுதியில், வைசியாள் வீதி என்று பலரும் அழைத்த கால்வே சுப்பராயச் செட்டி வீதியில், வீட்டு முன்பக்கம் திண்ணையும், அதற்கு முன்னால் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரமும் தெரு நெடுக இருந்தன. வழிப்போக்கர் நிழலில் நடக்கலாம், உட்காரலாம். காலப்போக்கில் சில வீடுகள் சிதைந்தன. சில வீடுகள் தாழ்வாரத்தை இடித்துக் கான்கிரீட் பெட்டியாயின. ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஆசியா அர்ப்ஸ்’ திட்டத்தில், பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ, இத்தாலியின் உர்பினோ நகரங்களோடு சேர்ந்து புதுச்சேரி 2002 முதல் 2004 வரை அந்த வீதியை மீட்டது. மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் அதை முன்னின்று நடத்தியது. பழுதடைந்த முகப்புகளைப் பழுதுபார்த்ததோடு நிற்காமல், இடையில் புகுந்த புதுக் கட்டடங்களின் முகப்பையும் தெருவின் வரிசைக்கு ஏற்பத் திருத்தினார்கள். செலவில் வீட்டுக்காரரும் பங்கு போட்டார், திட்டமும் பங்கு போட்டது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுப் பட்டியலில் அந்த வீதி இடம்பெற்றது.

புதுச்சேரிக்குச் சுற்றுலா இருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நமக்கு வெயில் இருக்கிறது, அதுவே போதுமான காரணம். தாழ்வாரம் பார்ப்பதற்கு அழகாக இருக்கும் என்பதற்காக நம் முன்னோர் கட்டியதில்லை. சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் ஒருவர் நனையாமல், சுடாமல் தெருவைக் கடக்கட்டும் என்று கட்டினார்கள். இதையே சட்டமாக்கிய ஊரும் உண்டு. 1822-இல் ஆங்கிலேய நிர்வாகி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு நகர் வரைபடம் வகுத்தபோது, ஒவ்வொரு கடையின் முன்னும் கூரையிட்ட நடைவழி விட வேண்டும், அது தெருவின் இரு பக்கமும் தொடர்ச்சியாக, எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று விதித்தார். பிறகு பினாங்கு, மலாக்கா என எங்கும் அது பரவியது. மலாயாத் தமிழர்கள் ‘அஞ்சடி’ என்றே அதைப் பேச்சில் வைத்திருக்கிறார்கள். பூக்கடையும் பேப்பர் கடையும் கிளி ஜோசியமும் பிழைத்தது அந்த அஞ்சடியில்தான். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை ஒட்டிய லிட்டில் இந்தியா 1989-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. நிலத்தின் விலை விண்ணைத் தொடும் அந்த ஊரிலேயே, கடைக்கு முன்னுள்ள நடைவழியை யாரும் விழுங்கிவிட முடியவில்லை.

கள்ளக்குறிச்சிக்கு நான் கேட்பதும் இதுதான். நகர மையத்தில் இனி எழும் ஒவ்வொரு கட்டடமும் தரைத்தளத்தில் ஆறடி அகலத்துக்குக் கூரையிட்ட நடைவழி விட வேண்டும். அது நகராட்சி பதித்த மட்டத்தில், படி இல்லாமல், பக்கத்து மனையின் நடைவழியோடு நேராகச் சேர வேண்டும். கடையின் தளம் உயரமாக வேண்டுமானால் படி கடைக்குள்ளே ஏறட்டும்.

ஆறடி போய்விட்டால் கடை என்னாவது என்று வியாபாரி கேட்பார். நியாயமான கேள்வி. நம் கடைவீதி மனைகள் பெரும்பாலும் முகப்பு குறுகி, பின்னால் நீண்டு கிடப்பவை. முகப்பு 15 அடி, நீளம் 80 அடி என்று வைத்துக்கொள்வோம். 1,200 சதுர அடி. ஆறடி நடைவழிக்குப் போவது 90 சதுர அடி, ஏழரை சதவீதம். அதற்குப் பதிலாக முதல் மாடியை அந்த நடைவழியின் மேல் தெருவிளிம்பு வரை நீட்டிக் கட்ட அனுமதிக்க வேண்டும். நடைவழியைத் தளப்பரப்புக் கணக்கில் சேர்க்கவும் கூடாது. தரையில் விட்ட 90 சதுர அடி ஒவ்வொரு மாடியிலும் திரும்பக் கிடைத்துவிடுகிறது. மூன்று மாடி கட்டுகிறவருக்கு இது லாபம். தவிர, நிழலில் நிற்கும் வாடிக்கையாளர் வெயிலில் ஓடும் வாடிக்கையாளரைவிட அதிகமாக வாங்குவார் என்பதை ஜவுளிக்கடைக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

வாகன நிறுத்தம்தான் சிக்கலான முடிச்சு. 15 அடி முகப்புள்ள மனையில் விதிப்படி வாகன நிறுத்தம் காட்ட வேண்டுமானால் தரைத்தளம் முழுவதையும் தூண்களாக விட்டுவிட வேண்டும். அப்படி விட்டால் தெருவுக்குக் கடை இல்லை, இருட்டுப் பொந்துதான். வரைபடத்தில் வாகன நிறுத்தம் என்று காட்டிவிட்டு, கட்டி முடித்ததும் ஷட்டர் போட்டுக் கடையாக்குவது ஊரறிந்த வழக்கம். பொய்யான வரைபடத்தைக் கட்டாயப்படுத்தும் விதியால் யாருக்கு நன்மை? நகர மையத்துக் குறு மனைகளுக்கு இந்த நிபந்தனையைத் தளர்த்தி, அதற்கு ஈடாக ஒரு தொகையை நகராட்சி வாங்கட்டும். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரும் தொலைவில் பொது இருசக்கர வாகன நிறுத்தம் அமைக்கட்டும். பைக்குகள் அங்கே போனால்தான் நடைபாதை மனிதருக்குத் திரும்பும்.

நடைபாதை என்றதும் அடுத்து வருவது ஆக்கிரமிப்பு அகற்றம். பொக்லைன் வரும், கீரைக்கார அம்மாவின் கூடையைத் தூக்கும், கிரானைட் படியைத் தொடாமல் திரும்பிப் போகும். இந்த நியாயம் எனக்கு உடன்பாடில்லை. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்து, அடையாள அட்டை கொடுத்து, இடம் குறித்த பிறகே யாரையும் நகர்த்த முடியும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும். மலையிலிருந்து பலாப்பழமும் புளியும் தேனும் கொண்டுவரும் பெண்ணுக்குக் கடை வாடகைக்கு எடுக்க வசதி இல்லை. சாலை ஓரத்தில், நடைவழிக்கு வெளியே, தூணுக்கும் தூணுக்கும் இடையில், மரத்தடியில் அவருக்கு இடம் வரைந்து கொடுக்க முடியும். வரைபடத்திலேயே அந்த இடம் இருக்க வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது.

முகப்புக்கு வருவோம். இன்று புதுக் கட்டடம் என்றால் அலுமினியக் கலவைத் தகடும் நீலக் கண்ணாடியும் என்றாகிவிட்டது. மேற்கு வெயில் நேராக அடிக்கும் சுவரில் கண்ணாடியை ஒட்டிவிட்டு, உள்ளே ஏசி போட்டு, அதன் சூடான காற்றை நடப்பவர் முகத்தில் விடுகிறார்கள். இன்ன நிறம்தான் அடிக்க வேண்டும், இன்ன பாணிதான் வேண்டும் என்று கட்டளை போடுவது எனக்குப் பிடிக்காது. எல்லாக் கடைக்கும் ஒரே வர்ணம் அடித்து ஒரே பலகை மாட்டுவது சந்தையை அலுவலகமாக்கிவிடும். நடைவழியின் உயரம், தூண்களின் வரிசை, முதல் மாடியின் மட்டம், பெயர்ப்பலகைக்கான பட்டை ஆகிய நான்கும் ஒத்துப்போனால் போதும். மற்றது கட்டுகிறவர் ரசனை. பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்ற விகிதம் ஏற்கெனவே விதியில் இருக்கிறது. பலகை எவ்வளவு பெரிதாக இருக்கலாம், ஜன்னலை மறைக்கலாமா, பக்கத்துக் கடையை மறைக்கலாமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இந்த மாவட்டத்துக்குத் தனிக் கைத்திறன் ஒன்று இருக்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே செதுக்கும் சாமி சிலைகளும் கதவுகளும் எங்கெங்கோ போகின்றன. ஆனால் இந்த ஊர்க் கடைவீதியில் அவற்றின் சுவடே இல்லை. நடைவழித் தூணின் போதிகை, கடையின் கதவு நிலை, தெருப் பெயர்ப்பலகை ஆகியவற்றில் அந்தக் கைவேலைக்கு இடம் கொடுக்கலாம். எங்கும் அப்பிவைக்க வேண்டாம், தேர்ந்த இடத்தில் வைத்தால் போதும்.

நகர மையம் என்று கோடு போடும்போது அது எங்கே முடிகிறது என்பது முக்கியம். 2024 ஜூனில் கருணாபுரத்தின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் வரிசையாக எரிந்தன. கருணாபுரம் எங்கோ ஒதுக்குப்புறத்தில் இருக்கிற குடியிருப்பு இல்லை, நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. கூலிக்குப் போகிறவர்களும் சுமை தூக்குகிறவர்களும் வாழும் அத்தகைய தெருக்கள்தாம் கடைவீதியை நடத்துகின்றன. கடைகள் உள்ள நாலு சாலைக்கு மட்டும் கல் பதித்து, விளக்குப் போட்டு, செடி வைத்துவிட்டு, பின்னால் உள்ள சந்துகளை இருட்டில் விட்டால் அந்தத் திட்டத்துக்கு நகர மேம்பாடு என்று பெயர் வைக்கக் கூடாது. சாக்கடை, தெருவிளக்கு, பொதுக் கழிப்பறை மூன்றும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

கல்வராயன் மலை மேலேயும், கட்டடம் கட்டடமாக ஊர் முகம் மாறும் இதே கதை சிறிய அளவில் தொடங்கிவிட்டது. கல்வராயன்மலை தனி வட்டமானதிலிருந்து வெள்ளிமலைக்கு அலுவலகங்களும் கடைகளும் வருகின்றன. மண்சுவர் வைத்துக் கூரை வேய்ந்த வீடுகளுக்கு நடுவே சமவெளியின் தட்டைக் கூரைக் கட்டடங்கள் எழுகின்றன. ஒரே ஒரு கடைவீதியுள்ள ஊர் அது. இப்போது நாலு வரியில் விதி எழுதினால் போதும், பிறகு நாற்பது பக்கம் எழுதினாலும் போதாது.

சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். நல்ல வேலைதான், ஆனால் அது ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் பணத்தில் நடந்தது. கள்ளக்குறிச்சி நகராட்சியால் ஒரே மூச்சில் அப்படிச் செய்ய முடியாது. நான் சொல்லும் வழியில் நடைவழிக்கான பெருஞ்செலவைக் கட்டடக்காரரே ஏற்கிறார்; மாடியில் கிடைக்கும் இடம் அவருக்குக் கூலி. நகராட்சியின் செலவு சாக்கடை, மட்டக்கல், விளக்கு, மரம். பழைய கட்டடத்தைத் திருத்திக்கொள்ள விரும்புகிறவருக்கு, மக்கள் பங்களிப்போடு பொதுப்பணி செய்யும் ‘நமக்கு நாமே’ திட்டத்தின் மாதிரியில் அரசும் ஒரு பங்கு போடலாம். சட்டத்துக்கும் குறைவில்லை. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம், நகரின் ஒரு பகுதிக்கு மட்டும் விரிவான வளர்ச்சித் திட்டம் வகுக்க வழி தருகிறது. மாடி நீட்டிப்பும் தளப்பரப்புச் சலுகையும் அதன் வழியாக வர வேண்டும்; அதற்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் தேவை, காலம் பிடிக்கும்.

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடிய ஒன்று நகர்மன்றத்தின் கையிலேயே இருக்கிறது. நகராட்சிக்குச் சொந்தமான கடைகளைப் பழுதுபார்க்கும்போதும் இடித்துக் கட்டும்போதும், தன் இடத்தில் தானே ஆறடி நடைவழி விட யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அடுத்த ஒப்பந்தப்புள்ளியின் வரைபடத்தில் தரைத்தளத்தின் மட்டத்தையும் நடைவழியின் அகலத்தையும் எழுதிச் சேர்த்து, அதை மன்றக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்க வேண்டும். வணிகர் சங்கத்தையும் தெரு வியாபாரிகளையும் அந்தக் கூட்டத்துக்கு முன்பே அழைத்துப் பேசி, வரைபடத்தைத் தமிழில், பேருந்து நிலையச் சுவரில், எல்லோரும் பார்க்கும்படி ஒரு மாதம் ஒட்டிவைக்கலாம்.